பத்தரைக்குள் எடுக்க வேண்டிய வண்டி

வாங்கம்மா, உள்ள வாங்க. செருப்போட வரலாம், பரவாயில்லை. மங்கையைப் பாக்கத்தானே வந்திருக்கீங்க? வந்துருவா. மைதானத்துல ஒரு பொண்ணுக்கு ரிவர்ஸ் எடுக்கச் சொல்லிக் குடுத்துக்கிட்டு இருக்கா. ஞாயித்துக்கிழமைன்னா அந்த ஒரு பொண்ணு வரும். மத்த நாளெல்லாம் வண்டிக்கு ஓய்வு. என்னை மாதிரியே அதுவும் ரிட்டயர் ஆயிருச்சு. உட்காருங்க, ஃபேனைப் போடறேன்.

நான் அவ அப்பா, சௌந்தரபாண்டி. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுல டைம் கீப்பரா இருந்தவன். நீங்க சின்னப் பிள்ளையா இருந்தப்ப பஸ்ஸுக்கு நின்னிருந்தா என் விசில் சத்தத்தைக் கேட்டிருப்பீங்க. நான் விசில் ஊதாம ஒரு வண்டி நகர்ந்ததில்லை. டீ குடிச்சுக்கிட்டு நிக்கற டிரைவரு, வெத்தலை போட்டுக்கிட்டு நிக்கற டிரைவரு, எல்லாரையும் ஏத்தி விட்டவன் நான். அவங்க பஸ்ஸை ஓட்டினாங்க, நான் அவங்களை ஓட்டினேன். அந்த மாதிரி ஒரு வீட்டுல பொறந்த பிள்ளை டிரைவிங் ஸ்கூல் வச்சிருக்குன்னா அதுல ஆச்சரியப்பட ஒண்ணுமில்லைங்க. ரத்தத்துல இருக்கு.

என்ன கேட்டீங்க? ஷோரூம் கண்ணாடி வீடியோவா?

கேட்டுட்டீங்க. சந்தோஷம். இந்த நாற்காலியில வந்து உட்காருறவங்க எல்லாரும் முதல்ல அதைத்தான் கேக்கறாங்க. எத்தனை வகுப்பு, லைசென்ஸ் எப்ப வரும், இதெல்லாம் யாருக்கும் தேவையில்லை. அந்த வீடியோல வர்ற பொண்ணு இவங்கதானா? இதுதான் கேள்வி. ஆமாம்மா, அந்த வீடியோல வர்றது என் மகதான். வண்டியும் இதே வண்டிதான். பம்பரை மாத்தி, பெயிண்ட் அடிச்சு, இப்ப பாத்தா உங்களுக்கு ஒண்ணும் தெரியாது.

நீங்க டீச்சர்ங்களா? நத்தத்துலயா? அடேங்கப்பா, தினமும் ரெண்டு பஸ் மாறிப் போறீங்க, வீட்டுல காரு ஷெட்டுல தூங்குது. அதான் ஓட்டக் கத்துக்கணும்னு வந்திருக்கீங்க. நல்ல விஷயம். ஆனா உங்க வீட்டுக்காரரு அந்த வீடியோவைப் பாத்துட்டாரு. இப்ப வந்து, மங்கைகிட்டயே நேருக்கு நேரா ஒரு வார்த்தை கேட்டுட்டு, அப்புறந்தான் சேர்றதா வேண்டாமான்னு சொல்வாரு. அப்படித்தானே? நியாயமான மனுஷன். பொண்டாட்டி உயிரு மேல அக்கறை இருக்கில்ல. போன மாசம் ஒருத்தர் வந்தாரு, வண்டியை விட்டே இறங்கல. கேட்டுக்கு வெளியிலயே வண்டியை நிறுத்திக் கேள்வியைக் கேட்டாரு, பதிலைக் கேட்டாரு, பொண்டாட்டியை ஏத்திக்கிட்டுப் போயிட்டாரு.

அவர் வர்றதுக்குள்ள நான் நடந்ததைச் சொல்லிடறேன். அந்த வீடியோல இருக்கறது கடைசிக் கூத்து மட்டுந்தான். அதுக்கு முன்னாடி அந்த ஷோரூம்காரங்க பண்ணின அழும்பு எதுவும் அதுல வராது.

எங்க மங்கை கோயமுத்தூர்ல ஒருத்தரோட டிரைவிங் ஸ்கூல்ல ஆறு வருஷம் வேலை பாத்தா. பொம்பளைங்களுக்குக் கத்துக் குடுக்கறதுக்குன்னே வச்சிருந்தாங்க இவளை. அவ கையில பழகினவங்க எத்தனையோ பேரு இன்னைக்கு ஓட்டிக்கிட்டு இருக்காங்க. அப்புறம் நம்ம ஊர்லயே சொந்தமா வைக்கணும்னு ஆசை வந்துருச்சு. சேத்து வச்சது கொஞ்சம், லோன் கொஞ்சம். பைபாஸ்ல ஒரு ஷோரூம் திறந்தாங்கள்ல, பேரு எதுக்கு, அங்க வண்டி சொல்லியிருந்தா. வெள்ளிக்கிழமை டெலிவரி. நல்ல நேரம் ஒன்பதரையில இருந்து பத்தரை வரைக்கும். பத்தரைக்கு ராகுகாலம் பொறந்துரும். காலண்டரைப் பாத்து நாளைக் குறிச்சுக் குடுத்தவனே நான்தான்.

சரி, ஒன்பதே முக்காலுக்குப் போயாச்சு. வண்டி வாங்கப் போனமா இல்லை கல்யாணத்துக்குப் போனமான்னே தெரியலை. வாசல்ல பன்னீர் தெளிக்க ரெண்டு பொண்ணுங்க. வண்டி மேல பட்டுத்துணி போத்தி, நாலு பக்கமும் பலூன் கட்டி, முன்னாடி பூவால ஒரு வளைவு. நம்ம பேரை எழுதி ஒரு கேக்கு. கார் சாவின்னு அட்டையில பெருசா ஒண்ணு செஞ்சு வச்சிருக்கான், அதைக் கையில பிடிச்சுக்கிட்டு நாம பல்லைக் காட்டணும், அவன் போட்டோ எடுப்பான். ஒரு காருக்கு இவ்வளவு சடங்கு. எனக்குக் கல்யாணம் ஆனப்ப இதுல பாதி நடக்கலை.

எல்லாத்தையும் பண்ணினாங்கள்ல, நேரத்துக்குப் பண்ணினாங்களா? அதுதான் இல்லை. பூசாரி வந்தது பத்து மணிக்கு. கற்பூரம் எங்கன்னு தேடினது பத்து நிமிஷம். ஏசியை அணைச்சாத்தான் கற்பூரம் ஏத்த முடியும்னு சொல்லி, ஏசி சுவிட்சு எங்கன்னு தேடினது இன்னொரு பத்து நிமிஷம். பஸ் ஸ்டாண்டுல இந்த வேலையைப் பண்ணியிருந்தா அத்தனை பேருக்கும் மெமோ குடுத்திருப்பேன்.

டெலிவரி குடுக்கறதுக்குன்னு ஒரு பொண்ணு, ஜெனிபா. சிரிச்ச மூஞ்சி. குறை சொல்ல முடியாது, அதுதான் ஓடி ஓடி எல்லாத்தையும் பாத்துச்சு. நாலு சக்கரத்துக்கு அடியிலயும் எலுமிச்சம்பழம் வச்சாச்சு. பழத்தை நசுக்கிக்கிட்டு ஒரு சாண் முன்னாடி நகர்ந்து நின்னாப் போதும். அதுதான் சம்பிரதாயம், உங்களுக்கே தெரியும். அப்புறம் பின்னாடி பெரிய ஷட்டர் இருக்கு, அது வழியா அவங்க டிரைவரே வெளியில எடுத்துக் குடுத்துருவான்.

மங்கை எங்க? அதைக் கேளுங்க. சாமி கும்பிட்டு, பொட்டு வச்சு, ஏறி உட்கார வேண்டியவ எங்க போனா? ஸ்டெப்னியைப் பாத்தா. ஜாக்கியைப் பாத்தா. டயர்ல காத்து எவ்வளவுன்னு பாத்தா. அப்புறம் உள்ள ஒர்க்‌ஷாப்புல ஒரு ஆள்கிட்ட டபுள் பெடல் மாட்டறதைப் பத்திப் பேசப் போயிட்டா. டபுள் பெடல்னா, கத்துக் குடுக்கறவங்க பக்கத்துல உட்கார்ந்து பிரேக்கை மிதிக்கறதுக்கு இன்னொரு செட்டு. ஸ்கூல் வண்டிக்கு அது இருக்கணும். அதுக்காக? அதை ராகுகாலத்துல பேசினா அந்த ஆளு பேச மாட்டேன்னுருவானா?

பூசாரி கடிகாரத்தைப் பாத்தாரு. நேரம் போகுதுங்களேன்னாரு. சொன்னாரு, என் காதால கேட்டேன். பின்னாடி கேட்டப்ப, நான் அப்படிச் சொல்லவே இல்லைன்னு துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டுப் போயிட்டாரு.

பத்து இருபத்தாறு ஆச்சு. ஒரு தடவை கூப்பிட்டேன், மங்கைன்னு. இதோப்பாங்கறா. ரெண்டாவது தடவை கூப்பிட்டேன். இதோப்பா. எத்தனை டிரைவருங்க எங்கிட்ட இதோ சார் சொல்லியிருக்கானுங்க தெரியுமா? இதோன்னு சொல்றவன் வர மாட்டான். எனக்கு உள்ளுக்குள்ள ஒரு நமைச்சல் எடுத்துருச்சு. முப்பத்தி ரெண்டு வருஷம் ஒரு வண்டியை நேரம் தப்பிக் கிளம்ப விட்டதில்லை. சொந்த மக வண்டி, அவ பொழப்புக்குன்னு வாங்கற முதல் வண்டி, அது ராகுகாலத்துல நகர்றதா? நான் நின்னு அதை வேடிக்கை பாக்கறதா? விளங்குமா அந்த வண்டி?

அதான் ஏறி உட்கார்ந்தேன்.

ஆமாம்மா, நான்தான். ஏன் அப்படிப் பாக்கறீங்க? என் மக வண்டியில நான் உட்காரக் கூடாதா? சாவி சாமி தட்டுலதான் இருந்துச்சு. எடுத்தேன், ஏறினேன். அந்த ஜெனிபாப் பொண்ணு, சார், மேடம் வரட்டும் சார்னுச்சு. நீ போட்டோவை எடும்மான்னேன். முன்னாடி வந்து நின்னு போனைத் தூக்கிப் பிடிச்சுச்சு. சுத்தி நின்னவங்க கையைத் தட்ட ஆரம்பிச்சாங்க. ஒரு பையன் கலர் பேப்பர் வெடிக்கற குழாயை வச்சுக்கிட்டுத் தயாரா நிக்கறான்.

எனக்கு ஓட்டத் தெரியாதுன்னு நினைக்காதீங்க. கிளட்ச்சை மிதிக்கறது, கியரைப் போடறது, ஆக்சிலேட்டரைக் குடுக்கறது, கிளட்ச்சை விடறது. ஆயிரம் டிரைவருங்க ஓட்டி நான் பாத்திருக்கேன். பாக்கறதுக்கும் செய்யறதுக்கும் என்ன பெரிய வித்தியாசம்? எனக்கு எமனா வந்தது பிளாஸ்டிக்கு. புது வண்டியில காலு வைக்கற பாயி மேல கண்ணாடித் தாள் மாதிரி ஒண்ணைப் போத்தியே குடுக்கறாங்க. பூஜை போட்ட வண்டின்னு செருப்பைக் கழட்டச் சொல்லிட்டாங்க. தேங்காய் உடைச்ச தண்ணி தரையெல்லாம், அதை மிதிச்ச ஈரக் காலு. அந்தக் காலை அந்தத் தாள் மேல வச்சா எது நிக்கும்? நீங்களே சொல்லுங்க டீச்சர்.

முதல்ல இஞ்சின் உறுமுச்சு. கொஞ்சம் கூடத்தான் குடுத்துட்டேன் போல. எல்லாரும் சார் சார்னு கத்தறாங்க. இப்படிக் கத்தினா எவனுக்குத்தான் கையும் ஓடும் காலும் ஓடும்? இடது காலு வழுக்கிருச்சு. வண்டி ஒரு குதி குதிச்சுச்சு பாருங்க. பழம் நசுங்குச்சு, அதுல குறையே இல்லை, நாலும் நசுங்குச்சு. பூ வளைவு வண்டி தலையில வந்து உட்கார்ந்துருச்சு. எனக்கு முன்னாடி ரோசாப்பூவைத் தவிர ஒண்ணும் தெரியலை. பிரேக்கைத்தான் மிதிச்சேன். அதாவது பிரேக்குன்னு நினைச்சதை மிதிச்சேன். பக்கத்துச் சீட்டுல ஆளு இருந்தாலாவது ஹேண்ட் பிரேக்கை இழுத்திருக்கும், அங்க தேங்காய்த் தட்டுல்ல உட்கார்ந்திருந்துச்சு.

கேக்கு போச்சு. சோபா ஒண்ணு போச்சு. அப்புறம் வாசல் பக்கத்துக் கண்ணாடி, தரையில இருந்து கூரை வரைக்கும் ஒரே கண்ணாடி, அது மொத்தமா போச்சு. வெளியில மூணு படி. வண்டி மூக்கைப் படியில இறக்கிக்கிட்டு நின்னுச்சு. அந்த நேரம் பாத்து அந்தப் பையன் குழாயைத் திருகிட்டான். கண்ணாடி ஒரு பக்கம் கொட்டுது, கலர் பேப்பர் ஒரு பக்கம் கொட்டுது. எந்த ஊர்லயும் ஒரு ஆளுக்கு இப்படி ஒரு வழியனுப்பு நடந்திருக்காது.

ஆனா ஒண்ணு சொல்றேன், மணி பத்து இருபத்தொன்பது. ராகுகாலத்துக்கு முன்னாடி வண்டி வெளியில வந்துருச்சு.

ஜெனிபா? தப்பிச்சுக்கிச்சு. பக்கத்துல தாவி விழுந்துச்சு, மணிக்கட்டுல எலும்பு விலகிருச்சு. கட்டு போட்டாங்க. தலையில பட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்னு யாரும் எங்கிட்டச் சொல்ல வேண்டாம், அதை நானே நிறைய நினைச்சுப் பாத்தாச்சு.

மங்கை உள்ள இருந்து ஓடி வந்தா. வந்தவ என்னைத் திட்டலை. அடி பட்டுச்சாப்பான்னுதான் கேட்டா. என்னை இறக்கி விட்டுட்டு, வண்டி படியில சறுக்கப் பாத்துச்சுல்ல, தானே ஏறி உட்கார்ந்து, இஞ்சினை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, கியர்ல மாட்டி நிறுத்தினா. அப்பத்தான் ரோட்டுல போறவன் வர்றவன் எல்லாம் போனைத் தூக்கினான். அவன் எடுத்தது என்ன? கண்ணாடி உடைஞ்சு கிடக்கு, பூ வளைவோட வண்டி படியில நிக்குது, டிரைவர் சீட்டுல இருந்து ஒரு பொண்ணு இறங்குது. இவ்வளவுதான் வீடியோ. சாயங்காலத்துக்குள்ள திண்டுக்கல் முழுக்கப் பரவிருச்சு. பொண்ணுங்க கையில ஸ்டீயரிங்கைக் குடுத்தா இதுதான் கதின்னு மேல எழுதி, சிரிக்கற பொம்மையை வரிசையா ஒட்டி அனுப்பறானுங்க. எங்க ரிட்டயர்டு ஸ்டாஃப் குரூப்புக்கே ஏழெட்டுத் தடவை வந்துச்சு. நானும் ஒரு சிரிப்புப் பொம்மையைப் போட்டேன். எல்லாரும் போடறப்ப நான் மட்டும் போடலைன்னா சந்தேகம் வருமில்ல.

நீங்க கேக்க வர்றது புரியுது. அப்பவே சொல்லியிருக்கலாமேன்னு. எப்படிச் சொல்றதும்மா? மேனேஜர் கோட்டும் சூட்டுமா வந்து, யார் ஓட்டினதுன்னு கேக்கறான். பின்னாடியே ரெண்டு போலீஸ்காரர் வந்துட்டாங்க. எங்கிட்ட ஸ்கூட்டர் லைசென்ஸ் மட்டுந்தான், அதுவும் காலாவதி. மங்கைகிட்ட லைசென்ஸ் இருக்கு, கத்துக் குடுக்கற சர்டிபிகேட் இருக்கு. லைசென்ஸ் இருக்கறவங்க இடிச்சா அது விபத்து. லைசென்ஸ் இல்லாதவன் இடிச்சா அது கேஸு. இந்த வயசுல நான் ஸ்டேஷன் பெஞ்சுல போய் உட்காரணுமா? வாயில வந்துருச்சு. பொண்ணுதான் ஓட்டினான்னுட்டேன்.

அவ என் மூஞ்சியைப் பாத்தா. அப்புறம் அவங்க பக்கம் திரும்பி, ஆமா சார்னா.

முடிஞ்சு போச்சு. கேமராவுல பாத்தா தெரிஞ்சிருக்கும். ஆனா கண்ணாடிக்கு நான் பொறுப்புன்னு அவ சொன்னதும் மேனேஜர் கேமராப் பக்கமே போகலை. சுத்தி நின்னு பாத்தவங்களும், நமக்கு எதுக்கு வம்புன்னு அவங்கவங்க வேலையைப் பாக்கப் போயிட்டாங்க. அந்த ஜெனிபாப் பொண்ணு, எனக்கு யார் மேலயும் புகார் இல்லைன்னுருச்சு. மங்கை இதோட விட்டாளா? இன்சூரன்ஸ்லயும் நீ ஓட்டினதாவே எழுதிக் குடுத்தா மொத்தத்தையும் வாங்கலாம்மான்னு சொன்னேன். முடியாதுன்னுட்டா. உங்களுக்காகப் பொய் சொல்லிட்டேன், காசுக்காகவும் சொல்லச் சொல்லாதீங்கன்னா. அடி ஆத்தி, என்னா ரோஷம். லோனுக்கு மேல லோனைப் போட்டு வண்டியையும் சரி பண்ணி, கண்ணாடியையும் போட்டுக் குடுத்தா. யாரு கேட்டா இந்த அரிச்சந்திர வேஷத்தை?

அன்னைக்கு இருந்து எங்கிட்ட பேச்சு இல்லை. சாப்பாடு மேசையில இருக்கு. மாத்திரை போட்டாச்சா. தண்ணி மோட்டாரை நிறுத்துங்க. இந்த மூணுதான். ஒரு பெத்த அப்பன்கிட்ட பேசற பேச்சா இது? நான் என்ன ஊரைக் கொள்ளையா அடிச்சேன்? நல்ல நேரம் தப்பக் கூடாதுன்னு நினைச்சேன். அவ நல்லதுக்கு நினைச்சதுக்கு எனக்குக் கிடைச்ச மரியாதை இது.

தை மாசம் போர்டு மாட்டினா. மங்கை மகளிர் டிரைவிங் ஸ்கூல். நல்லாத்தான் இருக்கு போர்டு, பளிச்சுன்னு. ஆளு வரணுமே. வர்றாங்க, வராம இல்லை. வந்து கேட்டுல நின்னு அந்தக் கேள்வியைக் கேக்கறாங்க. அந்த வீடியோல கண்ணாடியை உடைச்சது நீங்கதானா? நான்தாங்க, ஆனா ஆறு வருஷமா கத்துக் குடுக்கறேன், ஒரு தடவை என்கூட வந்து பாருங்கன்னு சொல்லுவா. நான்தாங்கற வரைக்குந்தான் நிப்பாங்க. அதுக்கப்புறம் சொல்றதைக் கேக்க அங்க ஆளே இருக்காது. லோன் ஆபீஸ்காரன் மட்டும் மாசம் தவறாம உள்ள வந்து உட்கார்ந்து பேசறான். சித்திரை வரைக்கும் பொறுத்துப் பாப்பா. ஆள் சேரலைன்னா வண்டியைக் குடுத்துட்டுத் திரும்பக் கோயமுத்தூர் போயிருவா, பழைய முதலாளிகிட்டயே. நேத்து போன்ல அவர்கிட்ட பேசிக்கிட்டு இருந்தா.

எங்கிட்டச் சொல்லலை. காதுல விழுந்துச்சு.

எல்லாம் காதுல விழுதும்மா. இந்த ஜன்னல் கேட்டுக்கு நேரா இருக்கில்ல. நான் இங்கதான் உட்கார்ந்திருப்பேன். அவ நான்தாங்கன்னு சொல்றப்ப பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேரா பிடிச்சுக்குவேன். ஒரு எழுத்தும் ஓடாது. எங்கப்பாதான் ஓட்டினாருன்னு ஒரே ஒரு தடவை அவ சொல்லிட்டா இந்த ஊருக்கு அதோட தெரிஞ்சுரும். ஏன் சொல்ல மாட்டேங்கறா? நானா சொல்லாதேன்னேன்? அன்னைக்குச் சொன்னேன், ஒத்துக்கறேன், வெளியில தெரிஞ்சா பஸ் ஸ்டாண்டு பக்கம் நான் தலை காட்ட முடியாதும்மான்னு. அது அன்னைக்குச் சொன்னது. அதையே பிடிச்சுக்கிட்டு இருந்தா நான் என்ன பண்ண முடியும்? பிடிவாதம். அவங்கம்மா மாதிரி.

இன்னொரு கூத்தைக் கேளுங்க. ஞாயித்துக்கிழமை ஒரு பொண்ணு வருதுன்னேன்ல, அது யாருன்னு நினைக்கறீங்க? அந்த ஜெனிபாதான். கைக்கட்டைப் பிரிச்ச மறு வாரம் வந்து சேர்ந்துருச்சு. ஷோரூம்லயே ஓட்டுற வேலைக்கு மாறணுமாம். எந்த வண்டி தன்னை இடிக்க வந்துச்சோ அதே வண்டியில உட்கார்ந்து பழகுது. அதுக்குப் பயம் இல்லை. அது நேர்ல நின்னு பாத்துச்சுல்ல. என்னைப் பாத்தா வணக்கம் சார்னு சொல்லும். நான் பாத்ரூம் போற மாதிரி உள்ள போயிருவேன்.

நீங்க என்ன நினைக்கறீங்க? சேரலாமா? தாராளமா சேருங்க. என் மகளா இருக்கறதால சொல்லலை, அவ ஓட்டறப்ப பின் சீட்டுல டம்ளர் நிறைய காப்பியை வச்சுக்கிட்டு உட்காரலாம். சிந்தாது. உங்களுக்குத் தெரிஞ்சு போச்சு, நீங்க மனசுக்குள்ள வச்சுக்கங்க. வீட்டுக்காரர்கிட்ட வேற ஏதாவது சொல்லிச் சமாளிச்சுக்கலாம். என்ன சொல்லலாம்? ஷோரூம் கண்ணாடியே சரியில்லைன்னு சொல்லுங்க. வண்டியில ஏதோ கோளாறுன்னு சொல்லுங்க. டீச்சருக்குச் சொல்லத் தெரியாதா.

வந்துட்டா போலிருக்கு. ஹாரன் அடிக்க மாட்டா, பிரேக் போடறதே தெரியாது, கேட்டு சத்தத்தை வச்சுத்தான் தெரிஞ்சுக்கணும். ஜெனிபாவை வழியில இறக்கி விட்டுட்டா, தனியாத்தான் இருக்கா. பின்னாடி பைக்குல வர்றது யாரு? நீல சட்டை. உங்க வீட்டுக்காரரா? சொன்ன நேரத்துக்கு வந்துட்டாரு. நல்ல பழக்கம்.

உட்காருங்க, உட்காருங்க. அவங்க பேசிக்கட்டும். நீங்க எதுக்கு நடுவுல?

இறங்கலை பாருங்க அவரும். பைக்குல உட்கார்ந்தபடியே கேக்கறாரு. கேட்டுட்டாரு. அதே கேள்விதான். வார்த்தை கூட மாறாது.

ம்.

கேட்டுச்சா? நான்தான் சார்னுட்டா. வழக்கம் போல.

என்னை ஏம்மா பாக்கறீங்க? நானா சொல்லச் சொன்னேன்? அவளே ஒத்துக்கிட்டா, நீங்களே கேட்டீங்கள்ல. இதுல மூணாவது மனுஷன் நான் போய் என்னத்தைச் சொல்றது? அவரும் தலையை ஆட்டிட்டாரு, முடிவு பண்ணிட்டாரு. உங்களைக் கையைக் காட்டிக் கூப்பிடறாரு பாருங்க. போங்க. வேற ஸ்கூல் இல்லாமலா போயிரும், ரவுண்டு ரோட்டுல ரெண்டு இருக்கு.

என்னம்மா இது, பையைக் கூட எடுக்காம எங்க போறீங்க? அவர்கிட்ட என்னத்தைச் சொல்லப் போறீங்க? அம்மா. டீச்சர். நில்லுங்க. நான் உங்களை நம்பிச் சொன்னேன். அங்க பாருங்க, மங்கையே உங்களைப் பாத்துத் தலையை ஆட்டறா. வேண்டாங்கறா. ஜன்னலைப் பாத்துட்டு உங்களைப் பாத்து வேண்டாங்கறா. அவளே வேண்டாங்கறப்ப உங்களுக்கு என்ன வந்துச்சு?

கேக்க மாட்டீங்க. சரி. சொல்றதுதான் சொல்றீங்க, கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்கம்மா. எதிர் வீட்டுல எல்லாரும் வாசல்ல நிக்கறாங்க.